நோயாளியிடம் தெரிவிக்கவில்லை

அத்தியாயம் 14

கொண்டை போட்டுக்கொண்டே டார்லின் அதைச் சொன்னாள்.

"அத்தான், இன்னைக்கு எனக்கு மத்தியானம் வரைக்கும்தான் ஸ்கூலு. அரை நாள் லீவு சொல்லியிருக்கேன். பழைய ஆஸ்பத்திரியில போயி என் கேஸ் ஷீட்டை வாங்கணும்."

ஜெபஸ்டின் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். சாவி அவன் கையில்தான் இருந்தது.

"எந்தக் கேஸ் ஷீட்டு?"

"முதப் பிள்ளைக்கு உள்ளது. செவ்வாக்கிழமையே எழுதிக் குடுத்துட்டேன். மூணு நாளுக்குள்ள குடுத்தாகணும்னு ரூல் இருக்காம்லா. நேத்து போன் பண்ணி, நகல் ரெடியா இருக்கு, வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுங்கன்னாவ."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீங்க மாமாகிட்ட சொல்லுவிய. மாமா, என்னத்துக்கும்மா அதையெல்லாம் கிளறுதேன்னு கேப்பாவ." ஊசியைப் பல்லிலிருந்து எடுத்துக் கொண்டையில் செருகினாள். "டாக்டரம்மா கேட்டிருக்காவ. குடுக்கணும்லா."

அவள் குரலில் கோபம் இல்லை. சந்தேகமும் இல்லை. அதுதான் ஜெபஸ்டினைப் பயமுறுத்தியது.

டார்லினுக்கு இது பத்தொன்பதாவது வாரம். பாளையங்கோட்டையில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆறு வருஷத்துக்கு முன்னால், எட்டு மாத வயிற்றோடு சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது என்று உடனே ஆபரேஷன். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் கண் விழித்துக் கேட்டபோது, பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லை என்றார்கள். நம்பினாள்.

இப்போது அவளைப் பார்க்கிற டாக்டர் பிருந்தா போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். இறந்து பிறந்தது என்றால் ஏன் என்று எழுதியிருப்பார்களே, அந்தக் காகிதம் எங்கே?

காகிதமெல்லாம் ஏரலில் மாமனார் வேதநாயகத்திடம் இருந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பழைய பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதவர். கேட்டதற்கு, டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது என்றார். ஏரலில் அந்த வெள்ளம் ஜன்னல் மட்டத்துக்கு ஏறியதை ஊரே பார்த்தது. யார் சந்தேகப்படுவார்கள்?

ஆனால் அந்தக் கோப்பு வெள்ளத்தில் போகவில்லை. வெள்ளம் வருவதற்கு நாலு வருஷம் முன்பே வேதநாயகம் அதை வீட்டுப் பின்புறம் வைத்து எரித்தார். ஜெபஸ்டின் பக்கத்தில் நின்று பார்த்தான்.

குழந்தை இறந்து பிறக்கவில்லை. அது அவனுக்குத் தெரியும். அவன் அப்பாவுக்குத் தெரியும். ஏரல் வீட்டில் வேலை செய்த இசக்கியம்மாவுக்குத் தெரியும். எரித்த கோப்பின் அசல் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், என்றைக்காவது டார்லின் அதைப் போய்க் கேட்பாள் என்பது மட்டும் இந்த மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"என்ன அத்தான், பேசாம நிக்கிய? நேரமாகலையா?"

"ஆகுது," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுக்கிற வேலை அவனுக்கு. இன்றைக்குப் பெருமாள்புரத்தில் இரண்டு தெரு. வண்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. முருகன்குறிச்சி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி அப்பாவைக் கூப்பிட்டான்.

விஷயத்தைச் சொன்னதும் வேதநாயகம் முதலில் கேட்டது பக்கக் கணக்கைத்தான்.

"எத்தனை தாளுலே இருக்கும்?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்."

"எல்லாத்தையும் எடுக்க வேண்டாம். பிள்ளையைப் பத்தி எழுதினது ரெண்டு மூணு தாளுதான் இருக்கும். அதை மட்டும் எடுத்துரச் சொல்லு. புருஷன்காரன் கேட்டா குடுப்பாவ."

"நாமளே சொல்லிருவோமாப்பா?"

"வயித்துல பிள்ளையோட இருக்கவகிட்டயா? போன தடவை என்ன வந்துச்சுன்னு மறந்துட்டியாலே? கேட்ட அதிர்ச்சியில பிரஷர் ஏறி விழுந்தான்னா யாரு பதில் சொல்லுதது?" அப்புறம் குரல் இறங்கியது. "நீ முன்னால போ. நான் ஒம்பதரை பஸ்ஸுக்கு வாரேன்."

அன்றைக்கு, இப்போ தாங்கமாட்டா என்றார். ஒரு வருஷம் கழித்து, ஆறின புண்ணை எதுக்குக் கீறணும் என்றார். இப்போது வயிற்றில் பிள்ளை. சொல்லாமல் இருப்பதற்கு அப்பாவிடம் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருந்தது. ஜெபஸ்டினுக்கு எப்போதும் அது வசதியாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியின் பெயர் கதைக்கு வேண்டாம். ஊருக்குத் தெரிந்த தனியார் ஆஸ்பத்திரி. மருந்துக்கடைக்குப் பின்னால், லிஃப்டுக்குப் பக்கத்தில், பழைய கோப்புகள் வைக்கிற அறை. கம்பி ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நாற்பது வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்துப் பட்டியில் நஃபீஸத் என்று பெயர்.

"டார்லின்னு ஒரு கோப்பு. நகல் ரெடியா இருக்குன்னு போன் வந்துச்சாம். நான் அவ வீட்டுக்காரர்."

"அவங்க வரலையா சார்?"

"உடம்பு முடியல. என்னை வாங்கிட்டு வரச் சொன்னா."

"எழுதிக் குடுத்து விட்டிருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப அவங்க நம்பர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்." போனை எடுத்தாள்.

"வேண்டாம்," என்றான் ஜெபஸ்டின். சொன்ன வேகத்தில் அவனே திடுக்கிட்டான்.

நஃபீஸத் போனைக் கீழே வைத்தாள். அவன் பின்னால் யாரும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்தான்.

"கோப்பு முழுசும் அவளுக்கே குடுங்க. நான் தடுக்கல. அதுல ரெண்டு மூணு தாளு இருக்கு, பிள்ளையைப் பத்தி. அதை மட்டும் எடுத்துருங்க. அவ இப்ப மாசமா இருக்கா. தாங்கமாட்டா."

"முப்பத்தோரு பக்கம் சார். ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டு, ரிஜிஸ்டர்ல எழுதி, மேல கையெழுத்து வாங்கியாச்சு."

"நான் கையெழுத்துப் போட்ட தாளுதான. எனக்கு அந்த உரிமை இல்லையா?"

"கையெழுத்து உங்களோடது. உடம்பு அவங்களோடது," என்றாள் நஃபீஸத். கடுமையாகச் சொல்லவில்லை. நாள் முழுக்க நாலு பேரிடம் சொல்கிறவளின் அலுப்போடு சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நகல் எடுக்கும்போது நானும் வாசிச்சேன் சார். வாசிக்கக் கூடாது. கண்ணு போயிருச்சு. மத்தியானம் அவங்க வாங்க வரும்போது தனியா விடாதீங்க. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

பதினொன்றரைக்கு அவன் பள்ளிக்கூட வாசலில் நின்றான்.

இப்போது சொல்லிவிடலாம். இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. காகிதத்தில் பார்ப்பதற்கு முன்னால் என் வாயால் கேட்கட்டும் என்றுதான் வந்தான். வாட்ச்மேன் உள்ளே போய்ச் சொல்ல, டார்லின் சுண்ணாம்புக் கையோடு வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. வயிறு இப்போதுதான் சேலைக்கு வெளியே தெரியத் தொடங்கியிருந்தது.

"என்ன அத்தான், இங்கன வந்து நிக்கிய?"

வாயைத் திறந்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தன. ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாம் வாய்ப்பாடு தொடங்குகிற வரைக்கும் அவனுக்கு வார்த்தை வரவில்லை.

"வெயிலு கொளுத்துது. ஆட்டோவுல போவாத. ஒண்ணரைக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

டார்லின் சிரித்தாள். "அதுக்காக்கும் வேலையை விட்டுட்டு வந்திய?"

அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு அவன் இரண்டு மணி நேரம் ஊரைச் சுற்றினான்.

ஒன்றே முக்காலுக்கு இருவரும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, கோப்பு அறைக்கு எதிரே இரும்பு நாற்காலியில் வேதநாயகம் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, மடியில் துணிப்பை. மேனேஜரைப் பார்த்துப் பேசியிருக்கிறார்; ஒன்றும் நடக்கவில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"மாமா? நீங்க எப்ப வந்திய?"

"சும்மாதாம்மா. சுகர் பார்க்க வந்தேன்."

"சுகர் பார்க்க ஸ்ரீவைகுண்டத்துக்குல்லா போவிய."

அவர் மடியிலிருந்த துணிப்பையைச் சரிசெய்தார். டார்லின் மாமனாரைப் பார்த்தாள். திரும்பிக் கணவனைப் பார்த்தாள். ஜெபஸ்டின் தரையைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துப் பழகியவள் அவள். ஒன்றும் கேட்காமல் ஜன்னலுக்குப் போனாள். ஆதார் அட்டையைக் காட்டினாள், ரிஜிஸ்டரில் கையெழுத்திட்டாள். நஃபீஸத் ஒரு நாடா கட்டிய கோப்பை ஜன்னலின் கீழ்வழியாகத் தள்ளினாள்.

"பக்கத்தை எண்ணிப் பார்த்துக்கிடுங்கக்கா."

டார்லின் எண்ணினாள். முப்பத்தொன்று.

"வீட்டுக்குப் போயி பைய வாசிக்கலாம்மா," என்றார் வேதநாயகம்.

"இங்கனயே வாசிக்கேன் மாமா."

குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ரத்தக்கொதிப்பு எண்கள். மயக்க மருந்து விவரம். எந்த மருந்து எத்தனை மணிக்கு. ஜெபஸ்டின் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினாலாம் பக்கத்தில் விரல் நின்றது.

கையெழுத்து ஆங்கிலத்தில் கிறுக்கலாக இருந்தது. அவள் அதை மெல்லத் தமிழாக்கி, யாருக்கோ சொல்வதுபோல வாசித்தாள்.

"டார்லினின் குழந்தை. பெண். ரெண்டு கிலோ முன்னூறு. பிறந்தவுடன் அழுதது."

அடுத்த வரிக்குப் போகாமல் கடைசி இரண்டு சொற்களையே திரும்ப வாசித்தாள்.

"பிறந்தவுடன் அழுதது."

வேதநாயகம் எழுந்து வந்தார். "அம்மா, நான் சொல்லுதேன் கேளு..."

"இருங்க மாமா. இதுல சொல்லியிருக்கு. நான் வாசிச்சுக்கிடுதேன்."

வாசித்தாள். குழந்தையின் முதுகில், இடுப்புக்கு மேலே தோல் மூடவில்லை. முதுகெலும்பு அந்த இடத்தில் திறந்திருந்தது. இரண்டு காலையும் அசைக்கிறது. உடனே ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று குழந்தை டாக்டர் எழுதியிருந்தார். கீழே வேறு பேனாவில்: எடுத்துச் சொல்லப்பட்டது, குடும்பத்தாருக்குச் சம்மதம் இல்லை, வீட்டுக்குக் கொண்டு போவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், கொடுக்கும்போது குழந்தை உயிரோடு இருந்தது.

அதற்கும் கீழே வே. ஜெபஸ்டின் என்று ஒரு கையெழுத்து.

டார்லின் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து வாடகைப் பத்திரத்திலும் வங்கித் தாளிலும் சிலிண்டர் புத்தகத்திலும் பார்த்துப் பழகிய கையெழுத்து.

"எங்க கொண்டு போனிய?"

"ஏரலுக்கு," என்றான்.

"எத்தனை நாள்?"

அவன் அப்பாவைப் பார்த்தான்.

"அங்க பாக்காதிய. உங்களைக் கேக்கேன்."

"அஞ்சு நாள்."

"நான் மேல வார்டுல இருக்கும்போதா?"

"ம்."

டார்லின் கோப்பை மூடவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். மூச்சு வாங்கியது. வேதநாயகம் பதறித் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்தார். அவள் வாங்கவில்லை.

"எனக்கு நெஞ்சு கல்லு மாதிரி பால் கட்டிருந்துச்சு. துணியை வச்சு இறுக்கிக் கட்டிவிட்டாவ. மாத்திரை குடுத்து நிறுத்துனாவ. நான் வலியில அழுதேன். நீங்க பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திய." ஜெபஸ்டினின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். "அப்ப அங்கன அவளுக்கு யாரு குடிக்கக் குடுத்தா?"

"இசக்கியம்மா."

"என்ன குடுத்தா?"

"சீனித் தண்ணி. அப்புறம் பசும்பாலைத் தண்ணியாக்கி."

லிஃப்டு திறந்து நாலு பேர் வெளியே வந்தார்கள். ஒருவர் இந்த மூவரையும் பார்த்துவிட்டு, ஏதோ சாவு விழுந்திருக்கிறது என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

வேதநாயகம் நின்றபடியே பேசினார். பள்ளியில் பேசிப் பழகிய குரல், இப்போது அடித்தொண்டையிலிருந்து வந்தது. "நீ பொழைப்பியா மாட்டியான்னே தெரியல டார்லின். இந்தப் பய சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நிக்கான். டாக்டர் வந்து, ஆபரேஷன் பண்ணினாலும் நடக்குமோ என்னமோ, மூத்திரம் போறதே தெரியாம இருக்கலாங்கான். முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைகளோட இருந்தவன் நான். காலு விளங்காத பிள்ளையை மத்த பிள்ளைக என்ன பாடு படுத்தும்னு பார்த்திருக்கேன். ரெண்டு பேரையும் ஒருசேரக் காப்பாத்த முடியாதுன்னு நெனைச்சேன். உன்னைக் காப்பாத்தணும்னு நெனைச்சேன். தப்புன்னா ஆண்டவர் என்னைக் கேக்கட்டும்."

"நடக்காதுன்னு இதுல போடல மாமா. ரெண்டு காலையும் அசைக்குதுன்னு போட்டிருக்காவ."

அவர் தலை குனிந்தார்.

"கல்லறைத் தோட்டத்துலயா வச்சிய?"

"இல்லம்மா. கேள்வி வரும்னு... நம்ம வாழைத் தோப்புல, ஆத்தோரமா."

"வெள்ளம் அங்கன ரெண்டு ஆள் உயரத்துக்குப் போச்சுல்லா."

வேதநாயகம் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

டார்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிப் பக்கங்களைப் புரட்டினாள். இனி என்ன இருக்கப்போகிறது என்று ஜெபஸ்டின் நினைத்தான். மோசமானதெல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒரு பக்கம் அவனுக்கு இலேசாகக்கூட இருந்தது. அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

இருபத்தொன்பதாம் பக்கத்தில் அவள் விரல் மறுபடியும் நின்றது. இந்த முறை அவள் வாசிக்கவில்லை. கோப்பை அவன் மடியில் வைத்தாள்.

"வாசிங்க."

"டார்லின்..."

"உங்க கையெழுத்து இருக்குல்லா. அன்னைக்கு வாசிக்கல போல. இப்ப வாசிங்க. மாமாவும் கேக்கட்டும்."

அது அவள் வீடு திரும்பிய நாளின் காகிதம். ஜெபஸ்டின் ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறி வாசித்தான். ஒவ்வொரு வரியாக டார்லின் தமிழில் சொன்னாள்.

தாய்க்கு: அடுத்த பிள்ளை உண்டாவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் ஐந்து மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று. தவறக் கூடாது. மறுபடியும் இதேபோல வர வாய்ப்பு உண்டு. குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி நோயாளியிடம் தெரிவிக்கவில்லை. தாமே தெரிவிப்பதாகக் கணவர் ஒப்புக்கொண்டார்.

அவனுக்கு ஞாபகம் வந்தது. டிஸ்சார்ஜ் அன்று ஒரு நர்ஸ் படிக்கட்டடியில் அவனை நிறுத்தி ஏதோ ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னாள். இது முக்கியம், மறந்துராதிய என்றாள். மேலே டார்லின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். பிள்ளையைப் பற்றி ஏதாவது அவள் காதில் விழுந்துவிடுமோ என்று அவனுக்குப் படபடத்தது. நான் சொல்லிக்கிடுதேன் சிஸ்டர் என்று சொல்லி, நின்றபடியே கையெழுத்துப் போட்டு, மடித்து அப்பாவின் பைக்குள் திணித்தான். என்ன மாத்திரை என்றுகூட அவன் காதில் வாங்கவில்லை.

"எனக்குச் சொன்ன சொல்லு இது," என்றாள் டார்லின். "உங்க கையில குடுத்து விட்டிருக்காவ."

போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து டாக்டர் பிருந்தாவுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டார்லின், பார்த்தேன். மாத்திரை எப்ப ஆரம்பிச்சீங்க?"

"ஏழாவது வாரம். உங்ககிட்ட வந்த பிறகு."

"அதுக்கு முன்னால ஒண்ணும் போடலையா?"

"எனக்குத் தெரியாது டாக்டர். யாரும் சொல்லல."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. "பிள்ளையோட முதுகெலும்பு மூடுறது முதல் நாலு வாரத்துல நடந்து முடிஞ்சிரும். நாள் தள்ளிப்போனது நமக்குத் தெரியறதுக்குள்ள. அதனாலதான் முன்கூட்டியே போடச் சொல்றது. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்ப வராது. ஆனா ஸ்கேனை அடுத்த புதன் வரைக்கும் தள்ள வேண்டாம். இன்னைக்கு நாலு மணிக்கு வண்ணார்பேட்டை ஸ்கேன் சென்டருக்கு வந்துருங்க. அந்தக் கோப்பையும் கொண்டு வாங்க."

டார்லின் எழுந்தாள். வேதநாயகம் இன்னும் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியிருந்தது.

"மாமா, நீங்க ஊருக்குப் போங்க. இசக்கியம்மாகிட்ட நான் வாரேன்னு சொல்லுங்க."

"இசக்கியம்மாகிட்டயா?" அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. "அவகிட்ட என்னத்துக்கும்மா? அவ பழசையெல்லாம் மறந்து போயிருப்பா. அவளுக்கு என்ன தெரியும்? வேண்டாம். எதுன்னாலும் எங்கிட்ட கேளு."

இவ்வளவு நேரம் தலை குனிந்திருந்த மனிதருக்கு இந்த ஒரு பெயரைக் கேட்டதும் எங்கிருந்து இத்தனை வேகம் வந்தது? ஜெபஸ்டின் அப்பாவைப் பார்த்தான். அந்த ஐந்து நாளில் அவன் ஏரலுக்குப் போனது கடைசி நாள் ஒரே ஒரு தடவை, புதைப்பதற்கு. மற்ற நாளெல்லாம் அவன் இங்கே டார்லினின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தான். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அப்பா சொன்னதுதான் அவனுக்குத் தெரியும். கேட்க வேண்டும் என்று ஆறு வருஷத்தில் ஒருநாளும் தோன்றவில்லை.

டார்லினும் மாமனாரின் முகத்தைக் கவனித்தாள். ஜெபஸ்டினின் மடியிலிருந்து கோப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வண்ணார்பேட்டைக்கு அவள் அவன் வண்டியில் ஏறவில்லை. ஆட்டோ பிடித்தாள். ஜெபஸ்டின் பின்னாலேயே போனான்.

ஸ்கேன் அறைக்கு வெளியே கூட்டம். வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெண்களும், பையைத் தாங்கிக்கொண்டு அம்மாக்களும் கணவன்மாரும். நாலு பத்துக்கு நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள்.

"டார்லின். கூட வந்தவங்க ஒருத்தர் உள்ள வரலாம்."

ஜெபஸ்டின் எழுந்தான்.

"யாரும் வேண்டாம் சிஸ்டர்," என்றாள் டார்லின். "நான் மட்டும் போதும்."

நர்ஸ் அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவன் நின்றுகொண்டே இருந்தான். பத்து நிமிஷத்தில் வருவார்கள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். பத்து நிமிஷம் போயிற்று. உள்ளேயிருந்து பேச்சுக்குரல் வந்தது; சொல் விளங்கவில்லை. ஒரு தடவை டாக்டர் பிருந்தா வேகமாக வந்து உள்ளே போனார். அவருக்கு இங்கே என்ன வேலை, வழக்கமாக வருவாரா, வரமாட்டாரா? கேட்க அவனுக்கு ஆள் இல்லை. கதவில் காதை வைக்கலாமா என்றுகூட நினைத்தான். எதிரே உட்கார்ந்திருந்த பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்திலிருந்தவர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, "முதப் பிள்ளையா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றான் ஜெபஸ்டின். "ரெண்டாவது." ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த எண்ணைச் சரியாகச் சொன்னான்.

ஐந்தே கால் ஆகும்போது கதவு திறந்தது.

டார்லின் முகத்தைக் கழுவியிருந்தாள். நெற்றி முடி நனைந்து ஒட்டியிருந்தது. அழுது கழுவியதா, வெக்கைக்குக் கழுவியதா, தெரியவில்லை. கையில் ஸ்கேன் காகிதம். அவன் கண்முன்னாலேயே அதை இரண்டாக மடித்து, நாடா கட்டிய கோப்புக்குள் வைத்து முடிச்சுப் போட்டாள்.

"என்ன சொன்னாவ?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். முந்தானையைச் சரிசெய்தாள். அவன் பின்னாலேயே இரண்டு எட்டு நடந்து, தணிந்த குரலில் மறுபடியும் கேட்டான்.

"டார்லின், டாக்டர் என்ன சொன்னாவ?"

படியில் ஒரு காலை வைத்தபடி அவள் நின்றாள்.

"எங்கிட்ட சொல்லிட்டாவ," என்று சொல்லிவிட்டு, ஏரல் பஸ் நிற்கிற பக்கமாக இறங்கிப் போனாள்.